வசந்தா பஸ் ஏறினாளா?

புதுப் படங்களுக்கான யோசனை எனக்கு வந்தபோது அப்பாவின் முகம் ஒரு ரேடியோவுக்குள் இருந்தது.

ரேடியோ என்றால் உண்மையான ரேடியோ இல்லை, ரேடியோ இருந்த இடம். ஒரு பழைய வாரப் பத்திரிகைத் தாளின் பின்பக்க விளம்பரத்திலிருந்து, இரண்டு திருகும் ஒரு கைப்பிடியும் வைத்த ரேடியோப் படத்தை நான் எப்போதோ கத்தரித்து எடுத்திருந்தேன். மிச்சத் தாளை அப்பா முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கைப்பிடி இருந்த இடத்தில் அவருடைய புருவம். திருகுகள் இருந்த இடத்தில் ஒரு கண்ணும் மூக்கில் பாதியும்.

"என்னத்தா இது, கதைக்கு நடுவுல பள்ளம் விழுந்து கெடக்கு?" என்றது ரேடியோ.

நான் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியின் நரம்பியல் வார்டில் படுத்திருந்தேன். இரண்டு கால்களும் இரண்டு கைகளும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிரித்தேன். வலது கன்னம் மட்டும் சிரித்தது. அந்தக் கோணல் சிரிப்போடு ஒன்று உறைத்தது: நான் இத்தனை நாள் தாளின் தப்பான பாதியை ஒட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி எடுத்த படத்தைவிட, அது விட்டுப்போன ஓட்டைதானே அழகாக இருக்கிறது! அதன் வழியாக ஆளே தெரிகிறாரே!

உடனே எழுந்து கத்தரிக்கோலை எடுக்க வேண்டும் போல இருந்தது. எழ முடியாது. கத்தரிக்கோலுக்குள் விரல் நுழையாது. அந்த விரல்கள் திரும்பி வருமா என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராமல் நின்ற ஒரே கேள்வி.

இப்போது வீட்டில் உட்கார்ந்து இதை நானே தட்டச்சு செய்கிறேன். ஆகவே பயப்படாமல் படிக்கலாம்.

எனக்கு ஊர் பெரியகுளம் பக்கம் வடுகபட்டி. மதுரையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். படித்து முடித்ததும் எல்லோரும் சென்னைக்குப் போக, நான் ஒரு அட்டைப்பெட்டிக்காக ஊருக்குத் திரும்பினேன். அம்மா கல்யாணமாகி வந்தபோது உத்தமபாளையத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. உள்ளே தொடர்கதைகள். அந்தக் காலத்தில் இது பல வீடுகளில் உண்டு. வாராவாரம் பத்திரிகை வந்ததும் பின்னை நெம்பி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுத்து வைப்பார்கள். கதை முடிந்ததும் மொத்தமாகக் கொடுத்து பைண்டிங் செய்துவிடுவார்கள். மீதிப் பத்திரிகை கடையில் பொட்டலம் மடிக்கப் போகும். அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து அப்படிச் சேர்த்தவை அவை.

அவர்களுக்கு அது கதை. எனக்கு அந்தத் தாள்களின் பின்பக்கம். சோப்பு விளம்பரம், பாதி சமையல் குறிப்பு, தலையில்லாத ஜோக், பவுடர் பூசிய குழந்தை, சைக்கிள், பிரஷர் குக்கர். அந்த மங்கலான சிவப்பும் பச்சையும் இப்போது எந்த அச்சகத்திலும் வராது. அவற்றை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, அட்டையில் ஒட்டிப் படமாக்குவேன். கொலாஜ். "எல்லாத்தையும் வெட்டி எல்லாத்தையும் ஒட்டுறது," என்பார் அப்பா, யாராவது கேட்டால். பத்திரிகையில் கயிறு தாண்டிய ஒரு சிறுமியை எடுத்து, எங்கள் ஊர் மாந்தோப்புக்கு நடுவில் நிற்கவைத்து, 'என் ஏழு வயது' என்று பெயர் வைத்தேன். அதை அப்பா தன் கடையில் மாட்டியிருக்கிறார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தோட்டங்களிலிருந்து எரிந்துபோன மோட்டாரோடு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து, "இது உங்க மகளா? சின்னதுல நல்லா செவப்பா இருந்திருக்கே," என்பார்கள்.

நோய் முதலில் கத்தரிக்கோலில்தான் வந்தது. வளைவாக வெட்டினால் கோணியது. கத்தி மழுங்கிவிட்டதென்று சாணை பிடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்த பிறகும் கோணியது. அடுத்த நாள் ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்க முடியவில்லை. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒரு கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினேன், கால் தரையைத் தொட்டது, ஆனால் நிற்கவில்லை. துணி விழுகிற மாதிரி விழுந்தேன். அம்மா ஓடிவந்து, "ஏய், வெளையாடாதடி, எந்திரி," என்றாள். நானும் அதையேதான் என் காலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மறுபடி தட்டினார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் பேச்சு வேகமானது. "இதுக்கு முன்னாடி வயித்துப்போக்கு ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது, இரண்டு மூன்று வாரம் முன்னால். அதை மறந்தே போயிருந்தோம்.

நோயின் பெயர் கியான் பார்ரே. சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே அடிக்கத் தொடங்குகிறது. நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கும். அது உரிந்துபோனால் மூளை சொல்வது கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது. டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கினார். அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "புரிஞ்சு போச்சு டாக்டர். இன்சுலேஷன் போயிருச்சு. காயிலு நல்லாத்தான் இருக்கு?" என்றார்.

"பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப கட்டிரலாம்," என்றார் அப்பா, என்னைப் பார்த்து. டாக்டர் சிரிக்காமல் இருக்க மருந்துச் சீட்டைக் குனிந்து பார்த்தார்.

இரண்டு பரிசோதனைகள். ஒன்று, கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பது. வலிக்கும், ஆனால் தாங்கலாம். கொசு பேட்டில் கை வைத்த மாதிரி. மற்றொன்று, முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு நீர் எடுப்பது. அதற்கு இறால் மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். நான் சுருள முடியாததால் நர்ஸ் சேச்சி என்னைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். குமுளிக்காரர். "பேடிக்காதே மோளே, இப்போ தீரும்," என்று காதுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாதே மகளே, இப்போது முடிந்துவிடும் என்று அர்த்தம். ஊசியைவிட எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகமிருக்கிறது.

பிறகு காத்திருப்பு. இந்த நோய் காலிலிருந்து மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சுவரை ஏறினால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும். அந்த மெஷின் எங்கள் வார்டின் மூலையில் பச்சைத் துணி போர்த்தி நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலும் மாலையிலும் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் பரிசோதனை. நேற்றைவிடக் குறைந்தால் கவலை. நான் எண்ணும்போது அப்பாவும் கூடவே மூச்சைப் பிடித்து மனசுக்குள் எண்ணுவார். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும். நான் நிறுத்திய பிறகுதான் மூச்சு விடுவார்.

"அண்ணே, ஒங்களுக்கு மெஷின் வெக்க வேண்டியதாப் போயிரும்," என்றார் பக்கத்துக் கட்டில் எஸ்தர் அக்கா.

எஸ்தர் அக்கா போடிக்காரர். பஜாரில் ஜவுளிக்கடை. பீரோ மேலிருந்து துணிப் பண்டலை இறக்கும்போது முதுகில் டிஸ்க் பிசகி, அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டிய நிலை. சிரித்தால் வலிக்கும். ஆனால் வார்டிலேயே சிரிப்புக்கு முதல் ஆள் அவர்தான்.

மருந்து, இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. தடம் மாறிய படையை அடக்க வெளியிலிருந்து வருகிற நல்ல படை. சின்னப் பாட்டிலில் நுரைத்துக்கொண்டு வரும். விலையைக் கேட்டபோது அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். பெரும்பகுதி காப்பீட்டில் போனது. மீதிக்கு, அப்பா கடைக்கு வாங்க நினைத்திருந்த வைண்டிங் மெஷின் தள்ளிப்போனது. தினமும் வரும்போது சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்தார். கடையில் அவர் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

நாள் பூராவும் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். போன் பிடிக்க முடியாது. புத்தகத்தைப் பிடித்தாலும் பக்கம் புரட்ட முடியாது. "எதாச்சும் படிச்சுக் காட்டுங்க," என்று அம்மா சொல்ல, அப்பா வீட்டுக்குப் போய் என் மேசைமேல் தையல் பிரிந்து தாள் தாளாகக் கிடந்த பைண்டிங் புத்தகத்தை எடுத்துவந்தார். மேசைமேல் இருந்ததால் நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் அப்பாவின் முகம் ரேடியோவுக்குள் வந்தது.

கதை இதுதான்: வசந்தா என்றொரு டீச்சர். மலைமேல் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வருகிறாள். கீழே ஊரில் மோகன் என்பவன் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறான். வேலையா, கல்யாணமா என்று இழுபறி. அப்பா கதைப் புத்தகம் தொட்டதே இல்லை. சர்வீஸ் மேனுவல் படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஓட்டை வந்தால் அதைத் தாண்டிப் போக அவருக்கு மனசு வரவில்லை. தானே அடைத்தார்.

"மோகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்…" அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை. தொண்டையைச் செருமினார். "வசந்தா, தோட்டத்து மோட்டார்ல கெப்பாசிட்டர் போயிருச்சு."

எஸ்தர் அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ அண்ணே, சிரிக்க வெக்காதீக. முதுகு போகுது."

அடுத்த ஓட்டையில் எஸ்டேட்டில் கரண்ட் போனது. அதற்கடுத்ததில் மழையில் ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்தது. மோகன் நல்லவன், ஆனால் எர்த் சரியாகக் கொடுக்காதவன் என்பது போல ஒரு குணம் அவனுக்கு வந்து சேர்ந்தது. மாலை பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். சேச்சி டிரிப் மாற்றும்போது, "வசந்தா டீச்சர் எந்தாயி?" என்று விசாரிப்பார்.

மூச்சு எண்ணிக்கை ஒரு நாள் குறையாமல் நின்றது. மறுநாள் கொஞ்சம் கூடியது. டாக்டர் தன் சுத்தியலைப் பையில் வைத்துக்கொண்டே, "நின்னுருச்சுன்னு நினைக்கிறேன். இனிமே இறங்கணும்," என்றார். அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்று வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மலையைப் பார்க்கிற ஆள் இல்லை.

கதையும் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. அன்று பெரியம்மா உத்தமபாளையத்திலிருந்து பன்னீர் திராட்சையோடு வந்திருந்தார். அம்மாவும் இருந்தாள். அப்பா படித்தார்: "கீழே இறங்கும் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வசந்தா படியில் ஒரு கால் வைத்தாள். பின்னால் பிள்ளைகளின் குரல். திரும்பிப் பார்த்தாள். அடுத்த கணம்…"

ஓட்டை. இரண்டு சடை, குடை மாதிரி விரிந்த கவுன், தூக்கிய ஒரு கால். கயிறு தாண்டும் சிறுமி. ஓட்டைக்குக் கீழே மிஞ்சியிருந்தது ஒரே சொல். அதையும் அப்பா படித்தார். "முற்றும்."

"இதுக்கா நான் இத்தனை நாள் மல்லாக்கக் கெடந்து கேட்டேன்?" என்றார் எஸ்தர் அக்கா. "ஏறுனாளா, எறங்குனாளா?"

"ஏறிட்டா," என்றாள் அம்மா, யோசிக்காமல். "ஜன்னல் சீட்டுல உக்காந்து அழுவா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நீ எங்கிட்டு படிச்ச? நான் படிக்கக் கேட்டவ நீ," என்றார் பெரியம்மா. "அவ ஏறல. பையத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்தப் பாத்து நடந்துட்டா."

"பை எங்கன வந்துச்சு? டிரங்குப் பெட்டில்ல?"

"பெட்டியத் தூக்கிக்கிட்டு மலையில நடக்க முடியுமாடி?"

"அதான் சொல்றேன், ஏறிட்டான்னு!"

அப்பா சமாதானமாக, "எனக்கென்னமோ பஸ் ஸ்டார்ட் ஆகலைன்னு தோணுது," என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

எனக்கு வேறொன்று தோன்றியது. அம்மா கம்பத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். கல்யாணத்துக்காக அதை விட்டுவிட்டு வடுகபட்டிக்கு வந்தவள். பெரியம்மா கடைசிவரை டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே கட்டிலில் கவிழ்ந்து படுத்து, ஒரே தாளை ஒருவர் படிக்க ஒருவர் கேட்ட இரண்டு பேர். திராட்சை ஊட்டினார்கள், தின்றேன்.

பெரியம்மா கிளம்பும்போது என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் வாடிய கீரை மாதிரி தொங்கின. "இந்தக் கையாலதான வெட்டுன? இதே கையாலயே கண்டுபிடிச்சுச் சொல்லு. நான் சொன்னது தப்புன்னா இனிமே ஒங்க வீட்டுக்கு வெறுங்கையோடதான் வருவேன்," என்றார்.

விடை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அப்பாவின் கடைச் சுவரில். சிறுமியின் முதுகில். அவளை அட்டையில் ஒட்டியபோது அந்தக் கடைசி வரிகளை நான்தான் பசைக்குள் அமுக்கிவிட்டேன். வேறு பிரதி கிடைக்குமா என்று பழைய பேப்பர்க் கடைகளிலும் தெரிந்தவர்களிடமும் அப்பா விசாரித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

பிசியோதெரபி ஆரம்பித்தது. முதலில் துணிக் கிளிப்பை அமுக்குவது. அப்புறம் மாவு பிசைவது. அப்புறம் செய்தித்தாளை ஒரு கையால் கசக்கி உருண்டையாக்குவது. அடுத்தது நீள நீளமாகக் கிழிப்பது.

"இது கஷ்டமா இருக்கும். பொறுமையாச் செய்யுங்க," என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"சார், என் தொழிலே இதுதான்," என்றேன்.

முதல் தாளைக் கிழிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஓரம் கரடுமுரடாக, மலைத்தொடர் மாதிரி வந்தது. கத்தரிக்கோலால் என்னால் அப்படி ஒரு ஓரம் கொண்டுவர முடிந்ததே இல்லை. அதைத் தூக்கிப் போட விடவில்லை. அம்மா திட்டிக்கொண்டே, கிழித்ததையெல்லாம் தலையணை உறைக்குள் சேர்த்து வைத்தாள். எஸ்தர் அக்கா இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போகும்போது, "வசந்தா விஷயம் தெரிஞ்சா நேரங்காலம் பாக்காம போன் போடு," என்றார். வாரம் ஒருமுறை அவரே போடுகிறார். "ஏறுனாளா?"

நான் வாக்கர் பிடித்து வீடு வந்தேன். இப்போது வாக்கர் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பியாக இருக்கிறது. மாடிப்படியில் கைப்பிடி வேண்டும். சட்டைப் பொத்தான் போடுகிறேன். கத்தரிக்கோலில் நேர்கோடு வருகிறது, வளைவு இன்னும் கோணுகிறது. முழுசாகச் சரியாக இன்னும் மாதங்கள் ஆகலாம், ஆனால் ஆகும் என்கிறார் டாக்டர். இந்த நோய் வந்த வழியே திரும்பிப் போய்க் குணமாகிறவர்கள்தான் அதிகம். கையோ காலோ திடீரென்று எறும்பு ஊர்ந்து தளர்ந்தால், சத்து ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

ஓட்டைப் படங்கள் மூன்று செய்துவிட்டேன். தொடர்கதைத் தாள்களை ஒன்றின் பின் ஒன்றாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்துவது. குக்கர் ஓட்டை வழியாக சைக்கிள் ஓட்டை, அதன் வழியாகப் பவுடர் குழந்தையின் ஓட்டை, கடைசியில் பார்க்கிறவரின் முகம் தெரிய ஒரு கண்ணாடித் துண்டு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எதுக்கு வெட்டுனன்னு புரியுது," என்றார்.

அடுத்தது சிறுமி. சுவரிலிருந்து இறக்கி மேசையில் வைத்திருக்கிறேன். மைதாப் பசை என்பதால் வழி இருக்கிறது. ஈரத் துணியை மேலே போட்டு, பசை ஊறி இளகும்வரை பொறுத்து, சடை நுனியிலிருந்து நகத்தால் கிளப்பி மெல்ல உரிக்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால், ஈரமான பழைய தாள் பால் ஆடை மாதிரி. கை ஒரு முறை துள்ளினால் சிறுமியும் போவாள், வசந்தாவும் போவாள். இடது கை சீக்கிரம் தேறிவிட்டது, அந்தக் கையால் உரி என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக வேண்டாத விளம்பரங்களை ஒட்டி ஒட்டி வலது கையால் உரித்துப் பழகுகிறேன். நேற்று ஒரு சோப்பு கிழியாமல் முழுசாக வந்தது. பின்பக்கத்து எழுத்து கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

சோப்பைப் பார்த்துவிட்டு அம்மா, "நான் இல்லாதப்ப உரிச்சுப்புடாத," என்றாள். போனில் பெரியம்மாவும் அதையே சொன்னார். எஸ்தர் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். உரிப்பது நாளைக்கு; அப்பா கடை திறக்கப்போவதில்லை. தாள் கிழிந்துவிட்டால் ஒரு ஸ்டார்ட்டர் ரிப்பேர் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார்.

உத்தமபாளையத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் பெரியம்மா ஏறுகிறார். அவர் வந்து சேர்ந்ததும் துணியை நனைப்பேன். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் பெரியம்மா. நடுவில் என் வலது கை.